உறுதிமொழி எடுக்க இனி நான் வரமாட்டேன்

எங்கள் மகளிர் குழுவுக்கு மறுபடியும் தகவல் வந்திருக்கிறது. போதை ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டமாம். குழுவுக்குப் பத்துப் பேராவது கட்டாயம் வரவேண்டுமாம். வந்தவர்கள் வலது கையை நீட்டி நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும், போட்டோ எடுத்து முடிக்கும்வரை கையை இறக்கக் கூடாது. அப்புறம் டீ, பிஸ்கட். கூட்டம் முடிந்ததும் ஃபிளக்ஸைச் சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் போகப்போவதில்லை. மல்லசமுத்திரத்தில் தறி ஓட்டுகிற பொம்பளைக்குக் குடி கெடுதல் என்று சொல்லிக்கொடுக்க எந்த அதிகாரியும் நாமக்கல்லிலிருந்து கார் ஏறி வரவேண்டியதில்லை. எங்கள் காதில் கிடந்தது அடகுக் கடைக்குப் போனதே அதனால்தான். முன்பணம் வாங்கிய பட்டறையை விட்டு வெளியேற முடியாமல் கிடப்பதும் அதனால்தான். எங்களுக்கு விழிப்பு வந்து ரொம்பக் காலம் ஆகிறது, ஐயா. தூக்கம் போய்த்தான் ரொம்பக் காலம் ஆகிறதே!

பயிற்சி யாருக்கு வேண்டும் என்று நான் சொல்கிறேன். கையில் லத்தி வைத்திருப்பவருக்கு வேண்டும். ரிமாண்ட் தாளில் கையெழுத்துப் போடுகிறவருக்கு வேண்டும். "உடல் தகுதியாக உள்ளார்" என்று சீட்டு எழுதுகிற டாக்டருக்கு வேண்டும். சிறைச் சாவிக்கொத்து வைத்திருக்கிற வார்டருக்கு வேண்டும். என் வீட்டுக்காரர் இவர்கள் எல்லார் கையையும் தாண்டித்தான் போனார். ஒருத்தர் கையும் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை.

அவர் இருபது வருஷத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். ராத்திரி ஷிஃப்டில் கண் அசராமல் இருக்க ஒரு கட்டிங் என்று ஆரம்பித்தது. கடைசியில் விடிந்ததும் கை நடுங்கும், ஒரு வாய் ஊற்றினால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டார். கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முதல் நாள் ராத்திரியே காலைக்கும் சேர்த்து வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். அவர் தங்கமான மனுஷன் என்று நான் சொல்ல வரவில்லை. என்னை அடித்திருக்கிறார். ஒருமுறை மணிக்கட்டு எலும்பு விட்டுப்போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினேன். "குடும்பம்னா இதெல்லாம் இருக்கறதுதாம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று சொல்லி, வெள்ளைத் தாளில் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-இலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது, அதற்கென்று மாவட்டத்தில் ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்த ஆளுக்கு இருப்பது குடிநோய், இவரை வைத்தியத்துக்கு அனுப்பினால் இவளும் பிழைப்பாள் என்றும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆனால் அவர் போன ஒரு பாரில் தகராறு நடந்து, ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி உடைந்து, ஒருத்தருக்கு நெற்றியில் பாட்டில் கீறியது. அன்று ராத்திரியே அவர்மீது எஃப்.ஐ.ஆர்., கைது. நாற்காலி உடைந்தால் வழக்கு, என் கை உடைந்தால் பேச்சுவார்த்தை.

எந்த ஊர், எந்த நிலையம், எந்தக் கிளைச் சிறை, எந்த மருத்துவமனை என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாரோ ஒரு ஏட்டையாவுக்கு மெமோ கொடுத்துவிட்டு, "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவார்கள். அந்த ஏட்டையாவை எனக்குத் தெரியும். கெட்டவர் இல்லை. அன்று ராத்திரி தன் காசில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் அவர். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதைத்தான் நான் கத்திக் கத்திச் சொல்கிறேன்: அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை!

கைதானவரை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 54-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் வந்திருக்கிற புதுச் சட்டத்தில் 53-ஆம் பிரிவு. காட்டினார்கள். டாக்டர் பெயர் கேட்டார், அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார், சட்டையைத் தூக்கிப் பார்த்தார், எழுதினார். மறுநாள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். போலீஸ் அடித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றார் இவர். ரிமாண்ட். "தினமும் குடிப்பீங்களா? கடைசியா எப்பக் குடிச்சீங்க?" இந்த ரெண்டு கேள்வியை அந்தச் சங்கிலியில் ஒருத்தரும் கேட்கவில்லை. குடித்துவிட்டுத் தகராறு செய்தார் என்று வழக்கே எழுதியிருக்கிறார்கள், ஆனால் குடியைப் பற்றிக் கேட்கவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டு, "சார், அவர் குடிக்காம இருந்தா கை கால் இழுக்கும் சார்" என்றேன். "உள்ள நாலு நாள் இருந்தா எல்லாம் தெளிஞ்சிரும்மா, நல்லதுதான்" என்றார்கள்.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் பாடப் புத்தகத்தில் இது அரைப் பக்கம் இருக்கிறது. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கமும் வேர்வையும் வரும். முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். ரெண்டு நாளிலிருந்து நாலு நாளுக்குள் மனசு கலங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் கொதிக்கும், வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகும். இதற்கு வைத்தியம் அமெரிக்காவிலிருந்து வரவேண்டியதில்லை. படபடப்பைத் தணிக்கிற சாதாரண மாத்திரையும், தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியும். எந்த அரசு ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கிலும் கிடைக்கிற சரக்கு.

மூன்றாம் நாள் ராத்திரி அவர் சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டே இருந்தாராம். எழுந்து நின்றால் கால் தள்ளாடியதாம். வார்டர் சொன்னது என்ன தெரியுமா? "இவனுக்கு இன்னும் போதை எறங்கல." பூட்டிய அறைக்குள் மூன்று நாளாகச் சொட்டுச் சரக்கு இல்லாமல் கிடக்கிறவருக்கு எங்கிருந்து ஐயா போதை? கூட இருந்த கைதிகள்தான், "அண்ணனுக்கு என்னமோ ஆகுது" என்று கம்பியைத் தட்டியிருக்கிறார்கள். பயிற்சி எடுக்காத அவர்களுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாடிப்போயிருக்கிறார் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். பி1 ஊசி போடாமல் ஏற்றினார்கள். குடியால் சத்து வற்றிய உடம்பில் அந்த ஊசி இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் இறங்கினால் மிச்சம் இருக்கிற பி1-உம் செலவாகி மூளை அடிவாங்கும் என்று அதே அரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. தடித்த எழுத்தில்.

உயிர் பிழைத்தார். நினைவு பிழைக்கவில்லை. பழசெல்லாம் இருக்கிறது: எந்தப் பட்டறையில் எத்தனை தறி, யாரிடம் எவ்வளவு முன்பணம், காளிப்பட்டித் தைப்பூசத்தில் என்னை முதல்முதலாகப் பார்த்தது, எல்லாம். காலையில் சாப்பிட்டது இல்லை. மகள் காலேஜுக்குப் போகிறாள் என்று சொன்னால் சிரிக்கிறார், பத்து நிமிஷம் கழித்து "பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டாளா?" என்று கேட்கிறார். இதற்கு ரெண்டு வெள்ளைக்காரர் பெயரைச் சேர்த்து ஒரு வியாதிப் பெயர் சொன்னார் பெரிய டாக்டர். முதல் நாளே அந்த ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மாத்திரைச் சீட்டை எழுதினார்.

எனக்குப் பத்து வயதில் பட்டறையில் சொல்லிக் கொடுத்தார்கள்: பாவில் ஒரு இழை அறுந்தால் சத்தம் மாறும், உடனே தறியை நிறுத்து, முடிச்சுப் போடு. அதை நான் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். துணியில் ஓட்டை விழுந்தால் கூலியில் பிடிப்பார்களே! ஒரு மனுஷன் அறுந்து போகிற சத்தத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு பெரிய அரசாங்கம் தன் ஆட்களுக்கு ஒரு வாரம் ஒதுக்க முடியாதா?

வழக்கு இன்னும் நடக்கிறது, தெரியுமா? வாய்தாவுக்கு நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். எதற்கு வந்திருக்கிறோம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவார். புத்தி சுவாதீனம் இல்லாதவர் மீது விசாரணை நடத்துவது எப்படி என்று சட்டப் புத்தகத்தில் தனி அத்தியாயமே இருக்கிறதாம். மனு போட்டிருக்கிறோம். அதற்கும் வாய்தா.

எங்கள் தெருப் பையன் ஒருத்தன் கதை வேறு. ரிக் வண்டியில் வேலைக்குப் போனவன். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி இந்தியா முழுக்கப் போகிறதல்லவா, போன இடத்தில் கஞ்சா பழகிக்கொண்டு வந்தான். சின்னப் பொட்டலத்தோடு பிடிபட்டான். "ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிரும்" என்றார்கள். ஒத்துக்கொண்டான், கட்டினான். தண்டனை பெற்றவன் என்ற முத்திரை ஒட்டிக்கொண்டது, பழக்கமும் விடவில்லை. இப்போது மாத்திரைக்குப் போய்விட்டான். வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள், அந்த மாத்திரை. என்டிபிஎஸ் என்கிறார்களே, 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம், அதிலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடிமையானவர் சின்ன அளவோடு பிடிபட்டு, தானாக முன்வந்து அரசோ அரசு அங்கீகரித்த மையமோ தருகிற சிகிச்சையை முடித்தால் அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. 39-ஆம் பிரிவு, தண்டிப்பதற்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டுக்கே அதிகாரம் தருகிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சின்ன அளவுதான். பையனிடம் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்கும். 64ஏ என்று அந்தக் கோர்ட்டு அறையில் ஒரு வாய் உச்சரிக்கவில்லை.

எங்கள் வக்கீலிடம் கேட்டேன், இதெல்லாம் இவர்களுக்குச் சொல்லித்தர மாட்டார்களா என்று. வகுப்பெல்லாம் நடக்கும்மா என்றார். நீதிபதிகளுக்குச் சென்னையில் நீதித்துறை அகாடமி, போலீசுக்கு வண்டலூர் பக்கத்தில் அகாடமி. சோதனை போடும்போது 50-ஆம் பிரிவுப்படி என்ன சொல்ல வேண்டும், 52ஏ-படி மாதிரி எப்படி எடுக்க வேண்டும், எடை எப்படிப் போட வேண்டும், இவைதான் பேச்சாக இருக்கும் என்றார். பொட்டலத்துக்கு அவ்வளவு மரியாதை. பொட்டலத்தை வைத்திருந்த பையனுக்கு?

1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கு முதன்முதலில் வந்தது எங்கள் மண்ணில்தான். அப்போது இது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதம மந்திரியாக இருந்து கொண்டுவந்தார். அதற்கும் முன்னால், 1925-இல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்து, பிறகு குடியை ஒழிக்கவென்றே 'விமோசனம்' என்று பத்திரிகை நடத்தினார். கல்கி அங்கேதான் வேலை பார்த்தார். கடையை மூடிய கையோடு, கள் இறக்கியவர்கள் வெல்லம் காய்ச்சக் கூட்டுறவுச் சங்கம், ஊர் ஊராகப் பஜனை, விளையாட்டு என்று வேலை நடந்தது. கலால் வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார்கள். அந்த வரி பேர் மாறி இன்றும் இருக்கிறது. கடையும் திரும்ப வந்துவிட்டது. 2003-லிருந்து சில்லறையாகவும் அரசாங்கமே விற்கிறது. 2023 ஜூனில் 500 கடையை மூடிய பிறகும் மிச்சம் இருந்தது 4,829. 2023-24-இல் அதில் வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். பாட்டில் பாட்டிலாக எண்ணத் தெரிந்த அரசுக்கு, அதைக் குடித்துக் கை நடுங்குகிறவனை எண்ணத் தெரியவில்லை.

நான் கடையை மூடச் சொல்லி எழுத வரவில்லை. அதற்காக உயிரையே கொடுத்தவர் எங்கள் பக்கத்து இளம்பிள்ளைக்காரர் சசிபெருமாள். 2015 ஜூலை 31-இல் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிச் செத்தார். அவருக்கே கேட்காத காது என் எழுத்துக்கா கேட்கும்? நான் கேட்பது அதைவிடச் சின்னது. விற்கிற கை, விழுந்தவனைத் தூக்கவும் பழகட்டும் என்கிறேன்.

தெரியாமல் போயிற்று என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச் 24 மாலையோடு ஊரடங்கில் கடைகளைப் பூட்டினீர்களே, அப்போது தவிப்புத் தாங்காமல் ஷேவிங் லோஷனைக் குடித்தும் வார்னிஷைக் குடித்தும் இந்தத் தமிழ்நாட்டில்தான் செத்தார்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு என்ன செய்யும் என்று தெரிந்து கேரள அரசு, டாக்டர் சீட்டுக்கு மது கொடுக்க உத்தரவே போட்டது, ஹைகோர்ட் நிறுத்தி வைத்தது. அது சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஊரே பார்த்த ஒரு விஷயம் கிளைச் சிறைக்குள் மட்டும் எப்படி நுழையாமல் போயிற்று?

2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்கள் இருபதுக்கும் மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேல். எங்கள் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் பலரை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார்கள். மெத்தனால் குடித்தவனுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் வயிறு பிசையும், பார்வை மங்கும். அந்த நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்க வழி உண்டு. முதல் சாவுகள் விழுந்தபோது நிர்வாகம் சாராயச் சாவு இல்லை என்று மறுத்தது. "கண்ணு மங்குதுங்க" என்று ஒருத்தன் சொன்னால் அதன் அர்த்தம் என்ன என்று தெரிந்த ஒரு போலீஸ்காரர், ஒரு தலையாரி, ஒரு கிராம சுகாதார நர்ஸ் அந்தத் தெருவில் முதல் மணி நேரத்தில் நின்றிருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? ஆட்சியரை மாற்றினீர்கள், எஸ்.பி.யைப் பணியிடை நீக்கினீர்கள், ஜூன் மாதம் முடிவதற்குள் ஆயுள் தண்டனை வரை சட்டத்தைத் திருத்த மசோதா நிறைவேற்றினீர்கள். பயிற்சி?

வெளிநாட்டைச் சொன்னால் "அது அமெரிக்கா" என்பீர்கள். இருக்கட்டும். மெம்ஃபிஸ் என்ற ஊரில் 1987-இல் புத்தி கலங்கியிருந்த ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊர் கொதித்தது. மறு வருஷமே, கலங்கி நிற்கிறவரிடம் எப்படிப் பேசுவது, எப்படி ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று போலீசாருக்கு 40 மணி நேரப் பயிற்சி வைத்தார்கள். நாற்பது மணி நேரம். எங்கள் பட்டறையில் அது நாலு ஷிஃப்டு கூட ஆகாது. சரி, நம் ஊரையே சொல்கிறேன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். இது நோய், வைத்தியம் உண்டு என்று அன்றிலிருந்து செய்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு 2015-இல் போதைக்கு ஆட்பட்டவர்களுக்கு உதவவே தனித் திட்டம் எழுதியது. 2025-இல் அரசு 'கலங்கரை' என்று 25 போதை மீட்பு மையம் திறந்தது. எல்லாம் நல்லது. ஆனால் அங்கே ஆளை யார் அனுப்புவது? அவனை முதலில் பார்க்கிறவர் ஏட்டு, ரெண்டாவது டாக்டர், மூணாவது மாஜிஸ்திரேட். பள்ளிக்கூடமாக இருந்தால் வாத்தியார். பையனுடைய பையில் கூல் லிப் புகையிலை கிடைத்தால் டி.சி. கொடுத்து அனுப்புகிறார்களே, அவர். இவர்களுக்கே வழி தெரியாதபோது மையம் இருந்தென்ன? மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019-இல் வெளியிட்ட கணக்கு, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருத்தர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறது. மிச்சம் 37 பேர் எங்கே என்று தேட வேண்டியதில்லை. நிலையத்து பெஞ்சில், கோர்ட்டு வராந்தாவில், என் வீட்டுத் திண்ணையில்.

பொதுமக்கள் பாதுகாப்பு என்று மேடையில் பேசுகிறீர்கள். நானும் பொதுமக்கள்தான். என்னை அடித்தபோது அவரையும் திருத்தவில்லை, என்னையும் காக்கவில்லை. அவரைப் பிடித்தபோது ஊரைக் காப்பதாகச் சொல்லி ஒரு ஆளையே அழித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தீர்கள். இப்போது நான் பகலில் தறி, ராத்திரியில் அவருக்குக் காவல். இதில் யாருக்கு என்ன பாதுகாப்பு வந்தது?

கூட்டம் போடுங்கள். மல்லசமுத்திரம் சமுதாயக் கூடத்திலேயே போடுங்கள். நாற்காலியில் ஏட்டையாக்களை உட்கார வையுங்கள், வார்டர்களை, ட்யூட்டி டாக்டர்களை, அரசு வக்கீல்களை, முடிந்தால் மாஜிஸ்திரேட்டையும். நாங்கள் பத்துப் பேர் மேடை ஏறுகிறோம். நடுக்கம் எப்படி ஆரம்பிக்கும், எந்த ராத்திரி எறும்பு ஊரும், போதைத் தள்ளாட்டத்துக்கும் நோய்த் தள்ளாட்டத்துக்கும் என்ன வித்தியாசம், எல்லாம் சொல்கிறோம். டீ, பிஸ்கட் எங்கள் குழுச் செலவு.

அதுவரைக்கும் இதைப் படிக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு ஆளைப் போலீஸ் கூட்டிப் போனால் அழுதுகொண்டு வாசலில் நிற்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள்: எத்தனை வருஷமாகக் குடிக்கிறார், தினமும் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எந்த நாள் எத்தனை மணிக்கு, இதற்கு முன் வலிப்பு வந்திருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நகல் நிலையத்தில், ஒரு நகல் சோதிக்கிற டாக்டரிடம், ஒன்று வக்கீல் வழியாக மாஜிஸ்திரேட்டிடம். வாங்கியதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். பி1 ஊசி போட்டீர்களா என்று வாய் விட்டுக் கேளுங்கள், யார் முறைத்தாலும் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100. சிகிச்சைக்கு எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446. எழுதத் தெரியாதவர்கள் மல்லசமுத்திரம் வந்தால் என் மகள் எழுதித் தருவாள்.